கிரேக்கக் கிராமத்தில் உட்கார்ந்து ஓவியம் வரைய: முதல்முறை போகிறவர்களுக்கு

என் முதல் விசா விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. "21 நாளும் ஒரே மலைக்கிராமத்தில் தங்கி வாட்டர்கலர் வரையப் போகிறேன்" என்று எழுதியிருந்தேன். அது உண்மைதான். ஆனால் அந்த உண்மையை நம்ப வைக்கும் காகிதம் எதையும் நான் கூடவே வைக்கவில்லை. விசாக் கட்டணம் போயிற்று, அந்த வருஷத்து ஏப்ரல் மாதமும் போயிற்று. அடுத்த வருஷம் கிடைத்தது. அதன்பின் ஒரு வசந்தமும் ஓர் இலையுதிர் காலமும் அங்கே வரைந்திருக்கிறேன். நான் பட்ட அலைச்சலை நீங்கள் படவேண்டாம் என்றுதான் இதை வரிசையாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரே ஒரு வேண்டுகோள். 20 நாளில் எட்டு ஊர் பார்க்கும் திட்டம் போடாதீர்கள். அன்றாட வாழ்க்கையை வரைய வேண்டுமானால் ஒரு கிராமம், மிஞ்சினால் இரண்டு. முதல் நாள் நீங்கள் சுற்றுலாப் பயணி. மூன்றாம் நாள் ஊர்க்காரர்கள் உங்களைப் பார்த்துத் தலையசைப்பார்கள். ஐந்தாம் நாள் உங்களைக் கவனிப்பதையே விட்டுவிடுவார்கள். நல்ல ஸ்கெட்ச் எல்லாம் அதற்கப்புறம்தான் வரும்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள், அப்புறம் ஊர்

நம்மில் பலர் விடுமுறை கிடைக்கும் மாதத்தில் புறப்பட்டுவிடுகிறோம். ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். வெயில் மட்டும் காரணமில்லை. ஈஜியன் தீவுகளில் அந்த இரண்டு மாதமும் 'மெல்டெமி' என்ற வடகாற்று நாள்கணக்கில் அடிக்கும். காகிதம், ஈஸல், குடை எதுவும் நிற்காது. காற்று பலமானால் கப்பலையும் நிறுத்திவிடுவார்கள்.

ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசி வரை நிலக்காட்சிக்கு ஏற்ற காலம். வயலோரம் பாப்பிப் பூக்கள், இலை விடும் முன்பே ஊதா கலந்த இளஞ்சிவப்பில் பூத்து நிற்கும் யூதாஸ் மரங்கள், மலை உச்சியில் மிச்சமிருக்கும் பனி எல்லாம் ஒரே சட்டகத்துக்குள் வரும். ஈஸ்டருக்கு முந்தைய வாரம் பல ஊர்களில் வீட்டுச் சுவருக்கும் படிக்கட்டு ஓரத்துக்கும் சுண்ணாம்பு அடிப்பார்கள். வரைய அருமையான காட்சி. ஆனால் கிரேக்க ஈஸ்டர் தேதி பல வருஷங்களில் நம் ஊர்ச் சர்ச் காலண்டரோடு ஒத்துப்போகாது. 2026இல் ஏப்ரல் 12, 2027இல் மே 2. அந்த வாரம் ஏதென்ஸ்காரர்கள் சொந்தக் கிராமத்துக்குத் திரும்புவதால் அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை கூடுதல். ஒன்று, நான்கைந்து மாதம் முன்பே அறையைப் பிடியுங்கள். இல்லாவிட்டால் ஈஸ்டர் முடிந்த மறுவாரம் போய் இறங்குங்கள்.

மனிதர்கள் வேலை செய்வதை வரைய ஆசைப்பட்டால் அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை போங்கள். ஆலிவ் அறுவடை நடக்கும். மரத்தடியில் வலை விரித்து, கிளைகளைத் தட்டி, மூட்டை கட்டி ஆலைக்கு அனுப்புவார்கள். அதே பருவத்தில் திராட்சைச் சக்கையிலிருந்து சீப்புரோ என்ற சாராயம் காய்ச்சும் செப்புக் கொப்பரைகளும் அடுப்பில் ஏறும்.

இனி ஊர். எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

பீலியோ மலை: வோலோஸ் நகரத்துக்கு மேலே இருக்கிறது. கல்பலகைக் கூரை, சதுக்கத்தில் பெரிய பிளேன் மரம், கழுதையும் கோவேறு கழுதையும் ஏறும் கல்பாதைகள். முதல்முறை போகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன், பஸ் வசதி இருப்பதால். மாக்ரினீட்சா கிராமத்துக்குள் வண்டி நுழையாது, எங்கு உட்கார்ந்தாலும் தொந்தரவில்லை. தியோஃபிலோஸ் என்ற நாட்டுப்புற ஓவியர் சாப்பாட்டுக்கும் மதுவுக்கும் சுவர் சுவராக வரைந்த பகுதி இது. அனாகசியாவில் அவர் 1912இல் வரைந்த வீடு இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. முதல் நாளே பாருங்கள், ஊர்க்காரர்களிடம் பேச்சுத் தொடங்க அந்தப் பெயர் ஒன்றே போதும்.

மெசினியாவும் மானியின் வடக்குப் பகுதியும்: ஆலிவுக்கு இங்கே போங்கள். கலமாட்டாவிலிருந்து கர்தமீலி வரை மலைக்கும் கடலுக்கும் நடுவே தோப்புகள்தான்.

ஸகோரி: இயோனினாவுக்கு வடக்கே 46 கிராமங்கள். சாம்பல் நிறக் கல் வீடுகளும் வளைவுக் கல்பாலங்களும். 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அழகில் முதலிடம், ஆனால் பஸ் வாரத்தில் சில தடவைதான். கார் ஓட்டத் தெரிந்தவர்கள் மட்டும் தேர்ந்தெடுங்கள்.

நக்ஸோஸ் தீவின் உள்மலைக் கிராமங்கள்: தீவு வேண்டும், ஆனால் கூட்டம் வேண்டாம் என்பவர்களுக்கு. பளிங்குக்கல் பாவிய தெருக்களுள்ள அபீரந்தோஸில் தங்கலாம்.

2. விசா

இது ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான) குறுகிய கால விசா. 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ (2024 ஜூன் முதல்). விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. நிராகரித்தால் எதுவும் திரும்ப வராது.

காலக்கெடு: பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள். முடிவு சொல்ல அவர்களுக்கு 15 நாள், சந்தேகம் வந்தால் 45 நாள் வரை நீளும். ஏப்ரலில் பயணம் என்றால் ஜனவரியிலேயே நேரம் பதிவு செய்யுங்கள். கோடை விடுமுறைக் கூட்டம் மார்ச்சில் தொடங்கிவிடும், அப்போது அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பாடு.

எல்லோருக்கும் பொதுவானவை: 10 வருஷத்துக்குள் வழங்கப்பட்ட பாஸ்போர்ட். ஷெங்கன் நாடுகளை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கமாவது இருக்க வேண்டும். 35 × 45 மில்லிமீட்டர் புகைப்படம். ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு. போக வர விமான முன்பதிவு. எல்லா இரவுக்கும் தங்குமிடம். வங்கிக் கணக்கு விவரம் (ஆறு மாதத்துக்கு எடுத்து, வங்கி முத்திரையோடு வையுங்கள்). வருமான வரிக் கணக்கு. வேலையில் இருப்பவர்கள் விடுப்புக் கடிதம். கைரேகை ஒருமுறை கொடுத்தால் 59 மாதத்துக்கு அதையே எடுத்துக்கொள்வார்கள்.

ஓவியர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் வேறு. அவற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒன்று, பயண நோக்கம். உங்களுக்காக வரைந்து, படத்தை வீட்டுக்கு எடுத்து வரப் போகிறீர்கள் என்றால் அது சுற்றுலாதான். "சுற்றுலா" என்றே குறியுங்கள். படிவத்தில் "கலாச்சாரம்" என்ற கட்டம் இருப்பதைப் பார்த்து ஆசைப்பட்டு அதைக் குறித்தால் அழைப்புக் கடிதம் எங்கே என்று கேட்பார்கள். பயிற்சி முகாமில் சேர்ந்திருந்தால், அல்லது ஒரு நிறுவனம் அழைத்திருந்தால் மட்டும் அதைக் குறித்துக் கடிதத்தை இணையுங்கள். அங்கே படம் விற்பது வேலைக் கணக்கில் வரும், இந்த விசாவில் கூடாது. "சாலையோரம் வரைந்து விற்றுச் செலவைச் சமாளித்துக்கொள்வேன்" என்று விளையாட்டாகக்கூட எழுதாதீர்கள்.

இரண்டு, ஒரே ஊரில் இத்தனை நாளா என்ற சந்தேகம். நான் விழுந்தது இங்கேதான். முதல்முறை நான்கு இரவுக்கு மட்டும் அறை பதிவு செய்துவிட்டு, மீதி நாளுக்கு "ஊரில் போய்ப் பார்த்துக்கொள்வேன்" என்று விட்டுவிட்டேன். பார்க்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? பெயர் கேள்விப்படாத கிராமம், 17 நாள் கணக்கில்லை. இரண்டாம் முறை இவற்றை இணைத்தேன்:

- 21 இரவுக்கும் பதிவு. வீட்டுக்காரரிடமிருந்து தேதி, வாடகை, முகவரி, வீட்டின் ஏ.எம்.ஏ. பதிவு எண் எல்லாம் குறிப்பிட்ட ஒரு பக்கக் கடிதம். குறுகிய கால வாடகைக்கு விடும் வீடுகளுக்கு அந்த எண் இருக்க வேண்டும். தர மறுத்தால் வேறு வீடு பாருங்கள்.
- நாள்வாரித் திட்டம். "ஏப்ரல் 21, காலை: பிளேன் மரச் சதுக்கம். மாலை: தேவாலயத்துக்குக் கீழே உள்ள நீரூற்று" என்ற அளவுக்கு விவரமாக. நடுவே வோலோஸ், அனாகசியா அருங்காட்சியகம் போகும் நாட்கள்.
- என் பழைய படங்களின் எட்டு சிறு அச்சுகள், எந்த ஊர், எந்த வருஷம் என்ற குறிப்போடு. இதற்குமுன் தஞ்சாவூர்ப் பக்கம் பத்து நாள் ஒரே ஊரில் தங்கி வரைந்த தொடர் ஒன்று கைவசம் இருந்தது, அதையும் வைத்தேன்.
- திரும்பி வருவதற்கான ஆதாரம். நான் தனியாக வகுப்பு எடுப்பவள், சம்பளச் சீட்டு கிடையாது. மூன்று வருஷ வரிக்கணக்கு, வகுப்பு நடத்தும் இடத்தின் வாடகை ஒப்பந்தம், ஜூனில் தொடங்கும் அடுத்த வகுப்பின் அறிவிப்பு மூன்றையும் கொடுத்தேன்.

பன்னிரண்டாம் நாள் விசா வந்தது.

மூன்று, நிராகரிப்பை மறைப்பது. முன்பு நிராகரிக்கப்பட்டது அவர்கள் கணினியில் இருக்கும். முகப்புக் கடிதத்தில் நாமே இரண்டு வரியில் சொல்லி, இந்த முறை என்ன சேர்த்திருக்கிறோம் என்று எழுதுவது நல்லது.

விமான நிலையத்திலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. ஷெங்கன் எல்லையில் கைரேகையும் முகப்படமும் எடுத்து நுழைவைக் கணினியில் பதியும் முறை 2025 அக்டோபரில் தொடங்கியது. முதல்முறை பதிய நேரம் பிடிக்கும். இறங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் ஊர் பஸ் டிக்கெட் எதுவும் போடாதீர்கள்.

3. பெட்டியில் என்ன வைக்கலாம், என்ன கூடாது

வாட்டர்கலர், குவாஷ் காரர்களுக்குப் பெரிய சிக்கலில்லை. ட்யூப்களைச் செக்-இன் செய்யும் பெரிய பெட்டியில் போடுங்கள். கையில் எடுத்துப் போனால் அவையும் திரவக் கணக்கில் 100 மில்லி விதிக்குள் வரும். கட்டர், பாலெட் கத்தி, கத்தரி எல்லாம் பெரிய பெட்டிக்கு.

எண்ணெய் வர்ணக்காரர்கள் கவனிக்க வேண்டும். டர்பன்டைன் 35 டிகிரி வாக்கிலேயே தீப்பற்றும் ஆவியைத் தரும், அதனால் எந்தப் பெட்டியிலும் அனுமதி இல்லை. மினரல் ஸ்பிரிட், ஸ்ப்ரே வார்னிஷ், ஃபிக்ஸட்டிவ் எதுவும் கூடாது. வர்ண ட்யூபைக் கொண்டுபோகலாம். ஆனால் "ஆயில் பெயின்ட்" என்ற சொல்லைப் பார்த்ததுமே சோதனை செய்பவர் தயங்குவார். தயாரிப்பாளரின் பாதுகாப்புத் தாளை அச்செடுத்து ட்யூப்களோடு வையுங்கள், தாவர எண்ணெயில் அரைத்த வர்ணம் என்று காட்ட அது உதவும். டர்பன்டைனை அங்கே வாங்கிக்கொள்ளலாம். கிரேக்கத்தில் அதற்கு "நெஃப்தி" என்று பெயர். சிறு நகரத்துப் பெயின்ட் கடையில் கேட்டால் தருவார்கள்.

காகிதத்தை இங்கிருந்தே கொண்டுபோங்கள். கிராமத்தில் நோட்டுப் புத்தகத்துக்கு மேல் ஒன்றும் கிடைக்காது. 300 ஜிஎஸ்எம் பருத்திக் காகிதம், கால் ஷீட் அளவில் 25, கூடவே தடித்த ஸ்கெட்ச் புக் ஒன்று. அட்டையை இரண்டு பக்கமும் வைத்து டேப் ஒட்டிக் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டி வராமல் போனாலும் வேலை தொடங்கிவிடலாம்.

மற்றபடி மடக்கு ஸ்டூல், நான்கு கிளிப், அகன்ற தொப்பி, வெள்ளை அல்லது சாம்பல் நிறக் குடை. சிவப்பு, நீலக் குடை வேண்டாம், அதன் நிறம் காகிதத்தில் விழுந்து நீங்கள் கலக்கும் வர்ணமெல்லாம் தப்பாகும்.

சக்கரப் பெட்டி கொண்டுபோகவே போகாதீர்கள். பீலியோ, ஸகோரி ஊர்களில் தெரு என்பதே கரடுமுரடான கல்பாதையும் படியும்தான். முதல் நாளே என் பெட்டியின் ஒரு சக்கரம் கழன்றது. முதுகில் மாட்டும் பை போதும்.

4. ஊருக்குப் போய்ச் சேர்வது

சென்னையிலிருந்து நேர் விமானம் இல்லை. வளைகுடா நகரம் ஒன்றில் மாறி ஏதென்ஸ் போகலாம். அங்கிருந்து வெளியூருக்கெல்லாம் 'க்டெல்' பஸ்கள்தான். ஏதென்ஸில் இரண்டு பெரிய வெளியூர் பஸ் நிலையங்கள் உண்டு, நிறையப் பேர் தப்பான நிலையத்துக்குப் போய்விடுகிறார்கள். வோலோஸுக்கு லியோசியோன் நிலையம். கலமாட்டாவுக்கும் இயோனினாவுக்கும் கிஃபிஸோஸ் நிலையம். விமான நிலையத்திலிருந்து எக்ஸ்93 பஸ் இரண்டுக்கும் போகும். வோலோஸ் சுமார் 4 மணி நேரம், கலமாட்டா சுமார் 3, இயோனினா சுமார் 6.

மாவட்டத் தலைநகரிலிருந்து கிராமத்துக்குப் போவதுதான் கஷ்டமான பகுதி. கிராம பஸ்கள் குறைவு, ஞாயிறன்று இன்னும் குறைவு, சில ஊருக்கு அன்று இல்லவே இல்லை. செவ்வாய் அல்லது புதன் மதியத்துக்குள் மாவட்டத் தலைநகரில் இருக்கும்படி திட்டமிடுங்கள். பஸ் நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் கால அட்டவணையைப் படமெடுத்து, அன்றைய நாளுக்குப் பொருந்துமா என்று கவுன்ட்டரில் கேளுங்கள்.

கார் எடுப்பதென்றால் இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதி கட்டாயம். புறப்படும் முன் இங்கே ஆர்டிஓவில் எடுங்கள், கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருஷம் செல்லும். அங்கே போய் எடுக்க முடியாது.

5. முதல் இரண்டு நாள் வரையாதீர்கள்

ஸ்கெட்ச் புக்கைக் கையில் வைத்துக்கொண்டு நடங்கள், அவ்வளவுதான். காலை 7, 10, மதியம் 1, மாலை 5, 7 மணிக்கு ஒரே சுற்றை நடந்து, எந்தச் சுவரில் எப்போது வெயில் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ரொட்டி வண்டி எப்போது வருகிறது, மீன்காரர் எந்த நாள் ஒலிபெருக்கியோடு வருகிறார், பாட்டிகள் எந்தத் திண்ணையில் எப்போது கூடுகிறார்கள் என்பதும் இந்த இரண்டு நாளில் தெரிந்துவிடும். என் குறிப்பேட்டின் முதல் நான்கு பக்கம் படமே இல்லை, நேர அட்டவணைதான். அடுத்த பதினெட்டு நாள் வேலை முழுவதும் அதை வைத்துத்தான் நடந்தது.

காஃபெனியோ என்பது ஊர்க் காபிக்கடை. நம் ஊர் டீக்கடை பெஞ்சு மாதிரி, ஊர் நடப்பு முழுக்க அங்கேதான் பேசப்படும். போனதும் "யா சாஸ்" என்று பொதுவாக எல்லோருக்கும் சொல்லிவிட்டு உட்காருங்கள். "யா சூ" என்றால் 'நீ' என்று அழைப்பது போல, "யா சாஸ்" 'நீங்கள்'. பெரியவர்களிடம் இரண்டாவதுதான். ஒரு "எலினிகோ மெட்ரியோ" (அளவான சர்க்கரை போட்ட கிரேக்கக் காபி) சுமார் 2 யூரோ. அதற்கு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். பெண்கள் தனியாகப் போகலாமா என்று கேட்கிறார்கள். நான் போனேன். உள்ளே பெரும்பாலும் வயதான ஆண்கள்தான், தாவ்லி (பகடை உருட்டிக் காய் நகர்த்தும் ஆட்டம்) ஆடிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் நாளே எனக்கு ஜன்னலோர நாற்காலி ஒதுக்கப்பட்டிருந்தது.

காசு கொடுக்கப் போகும்போது "கொடுத்தாயிற்று" என்பார்கள், யாரோ உங்கள் காபிக்குப் பணம் கட்டியிருப்பார்கள். அதை மறுக்கவோ உடனே பதிலுக்கு வாங்கித் தரவோ வேண்டாம். நன்றி சொல்லிவிட்டு, இரண்டு நாள் கழித்து அவருக்கு ஒரு காபி சொல்லுங்கள்.

6. வெயிலும் நேரமும்

நம் ஊர்க் கணக்கு அங்கே செல்லாது. ஏப்ரல் மதியம் சென்னையில் சூரியன் உச்சந்தலையில் நிற்கும், நிழல் காலடியில் சுருண்டுவிடும். பீலியோ ஏறக்குறைய 39 டிகிரி வடக்கே இருக்கிறது. அக்டோபர் கடைசியில் நண்பகலிலும் சூரியன் 40 டிகிரி உயரத்தைத் தொடாது. நாள் முழுக்க நீள நிழல், எந்த நேரமும் வரையலாம். ஜூனில் அப்படியில்லை, காலை 10க்குள்ளும் மாலை 6க்குப் பிறகும்தான் வடிவம் தெரியும். இரவு 9 மணி வரை வெளிச்சம் இருப்பதால் மாலை வேலைக்கு நிறைய நேரம் கிடைக்கும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே வைப்பார்கள். அதன்பின் மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். அன்று பஸ்ஸைத் தவறவிடாதீர்கள்.

மதியம் 3 முதல் ஐந்தரை வரை (குளிர்காலத்தில் மூன்றரை முதல்) ஊர் தூங்கும். இது சட்டப்படியான அமைதி நேரம். கதவைத் தட்டுவது, யாரையாவது கூப்பிட்டு அனுமதி கேட்பது எதுவும் வேண்டாம். காலித் தெருவை வரைய மட்டும் நல்ல நேரம்.

நம் கடற்கரை ஊர்களிலிருந்து போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நம் ஈரக்காற்றில் ஒரு வாஷ் (தண்ணீர் கலந்து அகலமாகப் பூசும் வர்ணம்) நிதானமாகக் காயும், நடுவில் இன்னொரு நிறத்தை விட்டுப் பரவ வைக்கலாம். அங்கே உலர்ந்த காற்றும் வெயிலும் சேர்ந்து, வானம் பாதி முடிவதற்குள் மேல்பாதி காய்ந்து கோடு விழுந்துவிடும். என் முதல் ஐந்து படமும் அப்படித்தான் போயின. காகிதத்தை இரண்டு பக்கமும் நன்றாக நனைத்துப் பலகையில் ஒட்டவைத்து வரையுங்கள். நிழலில் உட்காருங்கள். வழக்கத்தைவிட ஒரு அளவு பெரிய பிரஷ் எடுங்கள். வெயில் நேராகப் படும் காகிதத்தில் வரைந்தால் கண் கூசி எல்லாவற்றையும் கருப்பாகப் போட்டுவிடுவீர்கள், அறைக்கு வந்து பார்த்தால் படம் இருண்டிருக்கும்.

7. நீலமும் வெள்ளையும் மட்டுமல்ல

கிரேக்கம் என்றதும் வெள்ளைச் சுவர், நீலக் குவிமாடம் என்று கோபால்ட் நீலத்தை மூன்று ட்யூப் வாங்கிப் போகிறோம். அந்த ஊர்கள் ஈஜியன் தீவுகளில்தான். பீலியோவில் சாம்பல் கல்லும் ஈரப் பச்சையும், ஸகோரியில் வெறும் சாம்பல், மெசினியாவும் மானியும் இருக்கும் பெலொபொனீஸில் சிவப்பு ஓடும் காவிச் சுவரும். மஞ்சள் காவி, ரா அம்பர், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரீன் நான்கும் அதிகம் செலவாகும்.

ஆலிவ் இலையைப் பச்சையில் தொடங்காதீர்கள். மேல்பக்கம் சாம்பல் கலந்த பச்சை, அடிப்பக்கம் வெள்ளி. காற்று வீசினால் மரமே நிறம் மாறும். அல்ட்ராமரீனும் மஞ்சள் காவியும் கலந்து, ஒரு பொட்டு ரோஸ் சேர்த்து அடங்கிய நிறம் எடுத்தேன். பக்கத்தில் சைப்ரஸ் மரத்தின் கரும்பச்சை வந்தால் ஆலிவ் தானாகவே வெள்ளியாகத் தெரியும். சுண்ணாம்புச் சுவரின் நிழலும் வெறும் நீலமில்லை. மேல்பகுதி வானத்தின் நீலத்தை வாங்கும். கீழ்ப்பகுதியில் தரையில் பட்டுத் திரும்பும் வெயில் இளமஞ்சளாக ஏறியிருக்கும். இதைப் பிடித்துவிட்டால் பாதிப் படம் முடிந்தது.

8. ஆட்களை வரையும்போது

கேட்டுவிட்டு வரையுங்கள். "போரோ ந ஸோக்ராஃபிசோ எதோ?" என்றால் "இங்கே வரையலாமா?". 'எதோ'வை நம் 'ஏதோ'வில் வரும் தகரம் போல மென்மையாகச் சொன்னால் அவர்களுக்குச் சரியாகப் புரிகிறது. பதிலில்தான் குழப்பம். "நே" என்றால் ஆம். நமக்கு இல்லை மாதிரி கேட்கும். தலையை மேலே தூக்கி, புருவம் உயர்த்தி, நாக்கால் "ச்சு" கொட்டினால் இல்லை. நம் ஊரிலும் இல்லை என்பதற்கு 'ச்சு' கொட்டுவோம் அல்லவா, அதை நினைவில் வையுங்கள். அப்படிச் செய்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், மீண்டும் கேட்க வேண்டாம்.

கறுப்புடை அணிந்த பாட்டிகளை எல்லோருக்கும் வரைய ஆசை. அந்தக் கறுப்பு பெரும்பாலும் துக்கத்தின் உடை. தூரத்திலிருந்து ஜூம் வைத்துப் படமெடுத்து அறையில் வரைவது எனக்குச் சரியாகப் படவில்லை. பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்து அவர் வீட்டு ஜாடியை, பூனையை, கீரை ஆய்வதை வரைந்து காட்டுங்கள். பிறகு அவரே நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருவார்.

ஆலிவ் தோப்பில் விரித்த வலை மேல் காலை வைக்காதீர்கள், காய் நசுங்கும். வரப்போரமாக நின்று வரையுங்கள். வேலை செய்பவர்கள் நிற்க மாட்டார்கள் என்பதால் ஒரு தாளில் ஒரே அசைவைப் பத்து முறை எடுங்கள். கம்பு ஓங்குவது, மூட்டை தூக்குவது திரும்பத் திரும்ப வரும், விட்டதை அடுத்த சுற்றில் பிடிக்கலாம். ஆலை அறுவடைக் காலத்தில் இரவு வரை ஓடும். அனுமதி கேட்டு உள்ளே போய்ப் புது எண்ணெய் வழிவதை வரையுங்கள், ரொட்டியில் ஊற்றிக் கொடுப்பார்கள்.

9. உட்காரக் கூடாத இடங்கள்

மந்தைப் பக்கம்: ஸகோரி, பீலியோ உயரங்களில் ஆட்டு மந்தையைக் காக்கும் பெரிய நாய்கள் உண்டு. அவை ஓநாயை எதிர்க்கப் பழகியவை. மந்தையைக் கண்டால் ஓடாதீர்கள், நடுவே புகவும் வேண்டாம். நின்று, மேய்ப்பரைக் கூப்பிட்டு, அகலமாகச் சுற்றிப் போங்கள்.

வேட்டைக் காலம்: ஆகஸ்ட் 20 முதல் பிப்ரவரி கடைசி வரை. மலையில் உட்கார்ந்தால் ஆரஞ்சு நிறத் துணி ஒன்றை மேலே போட்டுக்கொள்ளுங்கள்.

காட்டுத்தீ நாட்கள்: கோடையில் ஒவ்வொரு நாளும் தீ அபாய வரைபடம் வெளியாகும். அபாயம் அதிகமான நாளில் காட்டுக்குள் நுழையத் தடை போடுவார்கள். கைப்பேசியில் 112 எச்சரிக்கை வந்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நகருங்கள், ஓவியத்தை எடுக்கக்கூட நிற்காதீர்கள்.

ராணுவ இடங்கள்: பலகை கிரேக்கத்தில் மட்டும் இருக்கலாம். முள்வேலியும் காவல் கோபுரமும் தெரிந்தால் படமும் வேண்டாம், ஸ்கெட்ச்சும் வேண்டாம்.

ஊர் நீரூற்றில் பிரஷ் கழுவாதீர்கள். மக்கள் குடிக்கும் தண்ணீர் அது. பாட்டிலில் பிடித்துக்கொண்டு, அழுக்குத் தண்ணீரை அறைக்கு எடுத்து வந்து கொட்டுங்கள்.

10. செலவு

21 நாளுக்கு, ஒருவருக்கு, சீசன் இல்லாத மாதத்தில் எனக்கு ஆனது இது. அறை நாளுக்கு 40 யூரோ, வாரக்கணக்கில் கேட்டதால் 35க்குக் குறைத்தார்கள். சாப்பாடு 18 முதல் 20. பஸ், அருங்காட்சியகம் எல்லாம் சேர்த்து 130. ஆக விமானம், விசா நீங்கலாக ஏறக்குறைய 1,300 யூரோ. ஒரு யூரோவை நூறு ரூபாய்க்கு மேல் வைத்தே கணக்கிடுங்கள்.

விட்டுப்போகும் செலவு ஒன்று உண்டு. அறை வாடகைக்கு மேல் இரவுதோறும் ஒரு பருவநிலைக் கட்டணம் வாங்குவார்கள். 2025 கணக்குப்படி, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஒன்று, இரண்டு நட்சத்திர விடுதிக்கு 2 யூரோ, இணையத்தில் குறுகிய காலத்துக்கு விடும் வீட்டுக்கு 8 யூரோ. 20 இரவுக்கு 40ஆ 160ஆ என்பதைப் பதிவு செய்யும் முன்பே பாருங்கள். நவம்பரில் வீட்டுக்கும் 2 யூரோதான். பெரும்பாலும் சாவி வாங்கும்போது கேட்பார்கள்.

கிராமத்தில் ஏடிஎம் இல்லாமல் போகலாம். மாவட்டத் தலைநகரிலேயே ஒரு வாரத்துக்கான ரொக்கத்தைச் சிறு நோட்டுகளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். பீன்ஸ் சூப், அடுப்பில் வெந்த பெரிய பீன்ஸ், எலுமிச்சை பிழிந்த காட்டுக்கீரை, சோறு அடைத்த தக்காளி இவை எங்கும் கிடைக்கும். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில் "நிஸ்டீசிமா" என்று கேட்டால் இறைச்சி, முட்டை, பால் இல்லாததைத் தருவார்கள். ஆனால் நோன்பு உணவில் கணவாய், இறால் சேரலாம், அதைத் தனியாகக் கேட்டுவிடுங்கள்.

11. திரும்பும்போது

கடைசி நான்கு நாளில் எண்ணெய் வர்ணத்தில் புதிய படம் தொடங்காதீர்கள். டைட்டானியம் வெள்ளை காய நாளாகும், அம்பர் சீக்கிரம் காயும். காயாத பலகைகளை முகத்துக்கு முகம் வைத்து, நான்கு மூலையிலும் கார்க் துண்டு கொடுத்துக் கட்டுங்கள். வாட்டர்கலர் தாள்களுக்கு நடுவே மெல்லிய பட்டர் பேப்பர் போதும்.

ஒவ்வொரு படத்தின் பின்னும் பெயர், ஊர், தேதி எழுதுங்கள். எல்லாவற்றையும் கைப்பேசியில் படமெடுத்து ஒரே பட்டியலாக வைத்திருங்கள், சுங்கத்தில் கேட்டால் என் சொந்த வேலை என்று காட்டலாம். ஸ்டில் லைஃப் வரைய என்று வயலில் கிடந்த பானை ஓட்டையோ செதுக்கிய கல் துண்டையோ பையில் போடாதீர்கள். தொல்பொருளை நாட்டை விட்டு எடுத்துப்போவது அங்கே கடும் குற்றம். ஓடு சிறியதா பெரியதா என்பதெல்லாம் கணக்கில்லை. ஆலிவ் இலை, கடற்கரைக் கூழாங்கல்லையும் வரைந்துவிட்டு அங்கேயே விட்டுவாருங்கள்.

காஃபெனியோக்காரருக்கும் உட்கார்ந்து கொடுத்தவர்களுக்கும் படத்தின் பிரதி தருவதாகச் சொல்லியிருப்பீர்கள். ஊரிலேயே கொடுப்பதுதான் சுலபம். கடைசி வாரம் மாவட்டத் தலைநகருக்கு ஒருநாள் போய்ப் புகைப்படக் கடையில் அச்செடுத்து வாருங்கள். நான் சென்னையிலிருந்து அனுப்பிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். முகவரி கேட்டபோது ஊர்ப் பெயரும் காஃபெனியோ பெயரும் ஐந்து இலக்க அஞ்சல் எண்ணும்தான் கொடுத்தார்கள், தெருவுக்குப் பெயரே கிடையாது. அதையே எழுதி அனுப்பினேன். ஐந்து வாரம் கழித்துப் போய்ச் சேர்ந்தது.